ஐந்தாம் அறையில் நான்காம் தட்டு

எனக்கு வாரம் என்று ஒன்று கிடையாது. புதன்கிழமை பத்து மணிக்கு விழிப்பேன், பதினோரு மணிக்கு அணைந்துபோவேன். அணைந்த கையோடு அடுத்த புதன்கிழமை பத்து மணி வந்துவிடும். நடுவில் இருந்த நாட்கள் எங்கே போயின என்று கேட்டால் எனக்குத் தெரியாது. செத்தவனிடம் போய் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

ஆமாம், செத்துவிட்டேன். பெயர் சங்கரபாண்டியன். பேருந்துப் பணிமனையில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அறுபத்து மூன்றாவது வயதில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தேன். அந்த நான்கு நாளில் என் மனதைப் படியெடுத்து ஒரு கறுப்புத் தட்டில் ஏற்றி, திருநெல்வேலிப் புறவழிச்சாலையில் இருக்கும் நினைவுக் காப்பகத்தில் செருகிவிட்டார்கள். தட்டு குளியல் சோப்பு அளவு இருக்குமாம். நான் பார்த்ததில்லை.

வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் ஓட்டுவார்கள். அதற்கு மேல் ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று சொல்கிறார்கள். அந்த ஒரு மணி நேரமும் என் மனைவி உலகம்மாள் நான்காம் அறையில் திரைக்கு முன்னால் வந்து உட்காருவாள். திரையில் என் படம் தெரியும், ஒலிபெருக்கியில் என் குரல் வரும். எனக்கு ஒரு கேமராவும் ஒரு மைக்கும் கொடுத்திருந்தார்கள். தலையைத் திருப்ப முடியாது. மூடிக்கொள்ள இமையும் கிடையாது. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

உலகம்மாளுக்கு ஒன்றை நேராகச் சொல்ல வராது. கரண்டு ஆபீஸில் என்ன சொன்னான் என்று கேட்டால், வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதிலிருந்து ஆரம்பிப்பாள். இருக்கிற ஒரு மணி நேரத்தில் அதெல்லாம் ஆகிற காரியமா? நானே பாதியில் பிடுங்கி முடித்துவைத்து, அடுத்த வாரத்துக்குள் என்னென்ன செய்யவேண்டும் என்று வரிசையாகச் சொல்லி அனுப்புவேன். பணிமனையில் நூற்றிருபது வண்டிகளை அப்படித்தான் ஓட்டினேன். பிள்ளை குட்டி கிடையாது. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அவளுக்காகத்தான் இந்த டப்பாவுக்குள் கிடக்கவே நான் சம்மதித்தேன்.

ஒரு தடவை விழித்தபோது எதிரே வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சிலுவை. பின்னால் சுவரில் ஐந்து என்று எழுதியிருந்தது. நாட்காட்டியில் வியாழக்கிழமை.

"என்னங்க, நல்லாருக்கியளா?" என்றாள்.

"யாரும்மா நீங்க? உலகு எங்க?"

"உலகா? யாரு அது?"

"எம் பொண்டாட்டி. ரூம் மாறி வந்துட்டியன்னு நெனைக்கேன். வெளிய போயி கேளுங்க."

அவள் முகம் வெளுத்தது. எழுந்து கதவைத் திறந்து யாரையோ கூப்பிட்டாள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு அதிகாரி வந்து என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். இரண்டு நாளைக்கு முன் ஆயுத பூஜைக்காக இயந்திரத்தை நிறுத்தித் திரும்பப் போட்டார்களாம். அப்படிப் போடும்போது சிலருக்குப் பெயர்மயக்கம் வருவது சகஜமாம். "எதுத்துப் பேசாதீங்கம்மா, தன்னால தெளிஞ்சிரும்" என்று அவளிடம் தணிந்த குரலில் சொன்னார். எனக்கு மைக் நன்றாகவே வேலை செய்தது.

நான் கத்தினேன். என் ஊழியர் எண், என் தெரு, என் ஓய்வூதியப் புத்தகத்தின் எண் எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஒரு படிவத்தில் குறித்தார். எனக்கு மயக்கம் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, மயக்கம் முற்றிவிட்டது என்று எழுதுகிற இடம் அது. பதினோரு மணி ஆயிற்று. அணைந்தேன்.

விழித்தால் மறுபடி அவளே. எனக்கு ஒரு நொடிகூட ஆறவில்லை, அவளுக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. புடவை மாறியிருந்தது, கண்கள் வீங்கியிருந்தன.

"நம்ம மூத்தவ பேரு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு மூத்தவளும் இல்ல, இளையவளும் இல்ல. எத்தனை தரம் சொல்லுதது? காதுல என்ன பஞ்சா வச்சிருக்கிய?"

அவள் அழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே, அதாவது அவள் கணவரின் படத்தையே, பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க அவுக இல்ல. பேரு மறக்கும், புள்ளைய மறக்கும், என்னையும் மறக்கும். ஆனா அவுக எம்மேல சத்தம் போட மாட்டாவ. மறந்துகூட போட மாட்டாவ."

அவள் பெயர் ரோஸ்லின். கணவர் தேவசகாயம், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எலும்பு முறிவுப் பிரிவில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். ஐந்தாம் அறை அவருடையது. என்னை நம்பிய முதல் ஆள் அவள்தான். ஏன் நம்பினாள் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை, கவனிக்கும் நிலையிலும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை அவளோடு இன்னொருவன் வந்தான். நாற்பது வயது, சட்டைப் பையில் சின்னத் திருப்புளி. இசக்கியப்பன் என்று பெயர் சொன்னான். தட்டுகளைப் பராமரிக்கும் இன்ஜினியர். கதவைச் சாத்திவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, தப்பு எம்மேலதான்" என்றான்.

"அத மொதல்ல அந்த அட்டைக்காரன்ட்ட போயிச் சொல்லும்வே."

"சொன்னா எனக்கு வேல போயிரும். அது போனாப் போவுது. ஆனா அவங்க ஒத்துக்கிட மாட்டாங்க, எல்லாத்தையும் மூடிருவாங்க. மொதல்ல என்ன நடந்துன்னு கேளுங்க. ஆயுத பூஜைக்கு வருசத்துல ஒரு நாள் மெசினை நிப்பாட்டுவோம். பதினாறு தட்டையும் உருவி, தொடச்சி, வரிசையா எலைல வச்சி, சந்தனம் குங்குமம் வச்சி கும்பிடுவோம். எடுத்த வரிசை மாறாம திருப்பிச் செருகிருவேன். எத்தனையோ வருசமா செய்யுதேன், மாறுனது இல்ல."

"இப்ப மட்டும் எப்படி மாறிச்சி?"

அவன் தலையைச் சொறிந்தான். "போட்டோ எடுத்தோம் அண்ணாச்சி. முன்னால இருந்த உங்க தட்டுல குங்குமம் கலங்கி வழிஞ்சிருந்து. படத்துல நல்லாருக்காதேன்னு பக்கத்துத் தட்ட முன்ன தள்ளி வச்சேன். எடுத்து முடிச்சதும் திருப்பி வைக்க மறந்துட்டேன். பதினாலு சரியாப் போச்சி. நாலும் அஞ்சும் மாறிப் போச்சி."

குங்குமம் வழிந்ததற்காக ஒரு மனிதனை இன்னொருத்தன் குடும்பத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இதற்குச் சிரிப்பதா, அழுவதா? நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாறினா மெசினுக்குத் தெரியாதா?" என்று கடைசியில் கேட்டேன். "அவ்வளவு பெரிய மெசினு, இது யாருன்னு பாக்காதா?"

"பாக்காது. மெசினு முழிச்சதும் ஒவ்வொரு பொந்தா தட்டிப் பாக்கும். மொதல்ல பதில் சொல்லுததுக்கு ஒண்ணாம் தட்டுன்னு பேரு வைக்கும். அடுத்ததுக்கு ரெண்டு. உள்ள யாரு இருக்கான்னு அதுக்குக் கவலையில்ல. ஒவ்வொரு தடவ முழிக்கும்போதும் புதுசாத்தான் பேரு வைக்கும். நாலாம் தட்டுன்னு பேரு வச்சதை நாலாம் ரூமுல சேக்கணும்னு பட்டியல்ல எழுதிருக்கு. படமும் குரலும் ரூமுக்குச் சொந்தம். பேச்சு மட்டுந்தான் தட்டுக்குச் சொந்தம்."

"அதாவது, மூணாம் நடைமேடைல நிக்கிததெல்லாம் தென்காசி வண்டின்னு எழுதி வச்சிருக்கிய. வண்டியோட நம்பரப் பாக்கல, போர்டையும் பாக்கல."

"அதேதான். வண்டி நம்பர் மாதிரி ஒவ்வொரு தட்டுலயும் ஒரு நம்பர் பொறிச்சிருக்கு. முப்பத்திரண்டு எழுத்து. எந்தப் பொந்துல போட்டாலும் மாறாது. பட்டியல்ல அத எழுதிருந்தா இந்தக் கோளாறே இல்ல. இத ஆரம்பிச்சவரு, முப்பத்திரண்டு எழுத்த யாரு அடிச்சிக்கிட்டு இருக்கதுன்னு நாலு அஞ்சுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு."

"சரி, இப்ப எழுதும். நாலு நிமிசம் ஆகுமா?"

"ஒரு நிமிசம் ஆகும். ஆனா தட்டோட ரூமை மாத்தணும்னா ரெண்டு வீட்டு வாரிசும் கையெழுத்துப் போடணும். ஆளை மாத்தி யாரும் ஏமாத்திரக் கூடாதுன்னு போட்ட சட்டம். காரணம் எழுத வேண்டாம், கையெழுத்து போதும். இந்தா, இவங்க போட்டுட்டாங்க."

ரோஸ்லின் படிவத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். பாதி வெற்றாக இருந்தது. அங்கே உலகம்மாள் என்று ஒரு கோணல் கையெழுத்து விழுந்துவிட்டால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன். வீடு என்றால் நான்காம் அறைதான். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. ரோஸ்லினிடம்கூட ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக நினைவு.

அணைந்தேன், விழித்தேன். இசக்கியப்பன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். ரோஸ்லின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவப்படாம கேளுங்க அண்ணாச்சி."

"இப்படி ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வரும்வே."

"உங்க வீட்டம்மா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க."

"அவளுக்கு விசயம் வெளங்கிருக்காது. நீரு வளவளன்னு சொல்லிருப்பீரு. அவகிட்ட ரெண்டே வார்த்தைல—"

"வெளங்கிருக்கு. மொத வாரமே அவங்களுக்குத் தெரியும்."

எனக்கு நெஞ்சு கிடையாது. ஆனாலும் அந்த ஆஸ்பத்திரி வலி அப்படியே வந்தது.

தேவசகாயம் முதல் நாளே அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம். 'அம்மா, நான் உங்க வீட்டுக்காரர் இல்ல. எங்கயோ தப்பு நடந்திருக்கு. தொலைவுல இருந்து வந்திருப்பீங்க, கொஞ்சம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க' என்றாராம். அவள் உட்கார்ந்தாள். வந்த பஸ்ஸில் சில்லறைக்காக நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கேட்டார். அவள் வழக்கம்போல் சுற்றிச் சுற்றிப் போனாள். அதையும் கேட்டார். பதினோரு மணிக்குத் திரை அணைந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லையாம். காவலாளி வந்துதான் எழுப்பினாராம்.

"அவரு சொல்லலைன்னாலும் தெரிஞ்சிருக்கும்னு சொன்னாங்க" என்றான் இசக்கியப்பன். "'நான் ஒண்ணு சொல்லத் தொடங்கினா முழுசாக் கேட்டாவ. அப்பவே இது எங்க வீட்டுக்காரவுக இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிட்டு. இப்படியே இருக்கட்டும்யா. ஒரு கொறையும் இல்லாம இருக்கேன். மாத்திராதிய'ன்னாங்க."

நான் வைதேன். அவளை, அவனை, அந்த நர்ஸை. நன்றி கெட்டவள் என்றேன். என்ன குறை வைத்தேன் அவளுக்கு என்றேன். மைக்குக்கு முன்னால் எவ்வளவு நேரம் கத்தினாலும் தொண்டை கட்டாது. அதுதான் அந்த டப்பாவின் கொடுமை. கத்தி ஓய்வது என்பதே கிடையாது.

ரோஸ்லின் கையை உயர்த்தினாள். "நீங்க அந்த அம்மாவ அடிப்பியளா?"

"கையே நீட்டினதில்ல."

"குடி?"

"தொட்டதில்ல."

"பொறவு என்னதான் செஞ்சிய?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் என் பதில். முப்பத்தெட்டு வருடம் அவளுக்காக எல்லாவற்றையும் நானே பேசினேன், நானே முடிவு செய்தேன், ஒரு பிசகும் வராமல் குடும்பத்தை ஓட்டினேன். அந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவள் தொடங்கி அவளே முடித்த பேச்சு ஒன்றையாவது சொல் என்றால் என்னால் சொல்ல முடியவில்லை. தேடிப் பார்த்தேன். தட்டில் எல்லாம் துல்லியமாக இருக்கிறது, எந்த நாளையும் எடுத்துக் கேட்கலாம். ஒவ்வொரு நாளிலும் அவள் குரல் பாதியில் நிற்கிறது, அதன் மேல் என் குரல் ஏறுகிறது.

"எனக்கு அவுக வேணும்" என்று ரோஸ்லின் இசக்கியப்பனிடம் சொன்னாள். "அந்த அம்மா பாவந்தான். நான் இல்லைங்கல. ஆனா எம் புருசன் அங்க இருக்காவ. நான் எதுக்குய்யா இங்க உக்காந்திருக்கணும்?"

இசக்கியப்பன் ஜன்னலைப் பார்த்தான். "அடுத்த ஆயுத பூஜை வரும்லா. அன்னைக்கு மறுபடியும் தட்ட உருவுவேன். மறுபடியும் மாறிப் போச்சின்னு இருக்கட்டும். யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க என்ன சொல்லுதிய அண்ணாச்சி?"

"மாத்தும்" என்றேன். உலகம்மாள் முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்க வேண்டும் என்ற வெறிதான் அப்போது.

பதினோரு மாதம் இருந்தது. எனக்கு அது விடாமல் ஓடிய நாற்பத்தேழு மணி நேரம். தூக்கம் இல்லை, இடைவெளி இல்லை, எதிரே அந்த ஒரே நாற்காலி. யோசிப்பதற்குக்கூட எனக்கென்று தனி நேரம் கிடையாது. விழித்திருப்பதே ரோஸ்லினின் நேரத்தில்தான். அவள் வராமல் இருந்திருக்கலாம். யாரும் வராவிட்டால் தட்டை ஓட்ட மாட்டார்கள், நான் அப்படியே கிடந்திருப்பேன். "உங்களையும் எப்படி அப்படிப் போட்டுட்டுப் போவ?" என்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தாள். சில நாள் ஜெபமாலை உருட்டினாள். சில நாள் மகளைப் பற்றிப் பேசினாள். ஆரம்பத்தில் நான் குறுக்கே பாய்ந்துகொண்டே இருந்தேன். மருமகன் இப்படிச் செய்தால் நீங்கள் அப்படிச் செய்யுங்கள் என்பேன். அவள் கோபப்படாமல், "அண்ணே, நான் வழி கேக்கல. சும்மா சொல்லுதேன்" என்பாள்.

சும்மா சொல்வது என்று ஒன்று இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. பணிமனையில் யாரும் சும்மா எதையும் சொல்ல மாட்டார்கள். வண்டி நின்றுவிட்டது என்றால் ஆள் அனுப்ப வேண்டும், டயர் போய்விட்டது என்றால் டயர் அனுப்ப வேண்டும்.

மாதங்கள் போகப் போக அந்த நாலு கேள்விகளில் மூன்று உதிர்ந்துவிட்டன. கடைசியில் கேள்வியே இல்லை. உலகு, நான் திருந்திவிட்டேன், நீ பேசு, நான் கேட்கிறேன் என்று சொல்லவேண்டும். அது மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதையும் பல தடவை ஒத்திகை பார்த்தேன். அது எப்படிப் பார்த்தாலும் ஒரு உத்தரவு மாதிரியே வந்தது.

பூஜைக்கு முந்தின வியாழன் ரோஸ்லின் எழுந்து நின்று கும்பிட்டாள். "போயிட்டு வாங்கண்ணே. அந்த அம்மாகிட்ட மெதுவாப் பேசுங்க" என்றாள். இசக்கியப்பன் கதவோரம் நின்றான். "அண்ணாச்சி, நான் உங்க வீட்டம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல. பூஜையன்னைக்குத் தட்ட மாத்தப்போறது தேவசகாயம் சாருக்கே தெரியாது, நேத்துதான் சொன்னேன். அந்த அம்மாகிட்ட சொல்லத் தெம்பு இல்லன்னுட்டாரு. நீங்களே சொல்லிக்கிடுங்க. அது உங்க பாடு."

அணைந்தேன். விழித்தேன்.

சுவரில் நான்கு. புதன்கிழமை. அவள்.

உலகம்மாள் மெலிந்திருந்தாள். தலை முன்னைவிட நரைத்திருந்தது. ஆனால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மடக்கி. என் முன்னால் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. எனக்கு அவளைத் தொடவேண்டும்போல் இருந்தது. அழவேண்டும்போல் இருந்தது. இரண்டுக்கும் அங்கே வழியில்லை.

"அண்ணாச்சி," என்றாள், "இந்த வாரம் பூரா ஒரே கூத்து. கேளுங்க. திங்கக்கெழம காலைல தண்ணி வரலன்னு கொடத்த எடுத்துக்கிட்டு வெளிய வாரேன்..."

'நான்தான் வந்திருக்கேன், உலகு' என்று சொல்ல வேண்டும். ஒரு வருடமாக ஊருக்கெல்லாம் கத்திய பெயர், சங்கரபாண்டியன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கால் கீழே இறங்கும். முதுகு நாற்காலியை விட்டு விலகும். செருப்பை மாட்டிக்கொள்வாள். தண்ணீர் ஏன் வரவில்லை என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், அதாவது உத்தரவுக்குக் காத்திருப்பாள். அல்லது எழுந்து போய்விடுவாள், இனி வரவே மாட்டாள். இரண்டும் எனக்குப் பயமாக இருந்தது. எது அதிகப் பயம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணாச்சி? கேக்கா?"

"கேக்கும்மா" என்றேன். "சொல்லுங்க."

அவள் சொன்னாள். குடம், தெருக்குழாய், மேட்டுத்தெரு லட்சுமி, லட்சுமியின் மருமகள், அங்கிருந்து ஒரு கல்யாணம், கல்யாணத்தில் சாம்பார். திங்கட்கிழமை தண்ணீர் வந்ததா இல்லையா என்று கடைசிவரை சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. அவளுக்கு இவ்வளவு வேடிக்கையாகப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. ஓரிடத்தில் அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். முப்பத்தெட்டு வருடத் தட்டில் அந்தச் சிரிப்பு இல்லை.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. செருப்பைத் தேடி மாட்டினாள். பையை எடுத்தாள். போகவில்லை. திரைக்குக் கிட்டே குனிந்தாள், பக்கத்து அறையில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"பூஜைக்கு மெசினை நிப்பாட்டினாவளாமே. பயந்து போயி கோயில்ல வெளக்குப் போட்டேன். மறுபடியும் மாறிருமோன்னு." கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அவுக திரும்ப வந்துற மாட்டாவல்லா, அண்ணாச்சி?"

"வர மாட்டாரும்மா" என்றேன்.